இரம்பத்தின் மறுமுனை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர் ஒருவர்)

பார்வையற்ற ஒருவர் இனிமையாகப் பாடக் கேட்டால் நம்மவர் வாயில் உடனே வரும் வாசகம் ஒன்று உண்டு. 'கண்ணைப் பறித்துக்கொண்ட கடவுள் குரலைக் கொடுத்துவிட்டார்' என்பதே அது. கேட்பதற்கு இனிய வாசகம். இரக்கம் ததும்பும் வாசகம். ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், இதைப் போல நமக்கு வசதியான வாசகம் வேறில்லை! கொடுக்க வேண்டியதைக் கடவுளே கொடுத்துவிட்டார் என்றால், நாம் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை அன்றோ? கைதட்டிவிட்டு, சில்லறை இருந்தால் போட்டுவிட்டு, வீடு போய்ச் சேரலாம்.

இந்த வாசகம் உண்மையன்று என்பதே என் கருத்து. அதனை நிறுவ ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினர் அல்லர். நம் இசைமரபைச் சேர்ந்தவரும் அல்லர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றிலே பிறந்து, 'காஸ்பெல்' என்னும் கிறிஸ்தவ நற்செய்திப் பாடல்களையும் 'கன்ட்ரி' என்னும் அந்நாட்டுக் கிராமிய இசையையும் கித்தாரில் மீட்டி உலகப் புகழ் பெற்றவர். டாக் வாட்சன் என்பது அவர் பெயர்.

தகப்பன் கொடுத்த வேலை

1923ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், டீப் கேப் என்னும் ஊரில் ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தார் அவர். இரண்டு வயது நிறைவதற்குள் கண்ணில் ஏற்பட்ட நோய்த்தொற்று பார்வையைப் பறித்துவிட்டது. குடும்பமோ ஏழைக் குடும்பம்; மலைச்சரிவில் சிறு வேளாண்மை. தந்தை கூலி வேலையும் செய்தார். தேவாலயத்தில் பாட்டை முன்னின்று நடத்தியும் வந்தார். தேவாலயத்தில் தாயின் அருகிலிருந்து கேட்ட துதிப்பாடல்களே அந்தக் குழந்தை கேட்ட முதல் இசை.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாளில் தந்தை மகனுக்கு ஒரு மவுத் ஆர்கன் வாங்கித் தருவார். பதினோராவது வயதில் தாமே ஒரு பாஞ்சோ செய்து கொடுத்தார். பாஞ்சோ என்பது நம் கஞ்சிராவைப் போலத் தோல் போர்த்திய வட்டத்தின் மேல் தந்திகள் கட்டிய வாத்தியம். விலைக்குத் தோல் வாங்க வழியில்லை. ஒரு பூனையின் தோலைப் பதப்படுத்தி அதில் போர்த்தினாராம். இதை நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள், உலகத்தில் பிழைப்பதற்கு உனக்கு உதவலாம் என்ற பொருளில் அவர் மகனிடம் சொன்னார்.

ஆனால் வாத்தியத்தை விடப் பெரிய பரிசு ஒன்றைப் பதினான்காவது வயதில் தந்தை கொடுத்தார். மரம் அறுக்கும் இரம்பத்தின் ஒரு முனையை மகன் கையில் பிடிக்கச் சொன்னார்!

இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் நீண்ட இரம்பத்தை நம்மில் பலரும் மரவாடிகளில் பார்த்திருப்போம். அதன் இலக்கணம் சுவையானது. அதைத் தள்ளக் கூடாது; தள்ளினால் வாள் வளையும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு மற்றவர் இழுக்க இவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த இழுப்பும் விடுப்பும் கையால் உணரும் தாளம். அதற்குக் கண் தேவையில்லை! 'பாவம், உட்கார்ந்திரு, நாங்கள் அறுக்கிறோம்' என்று அந்தத் தந்தை சொல்லியிருந்தால் அதை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அன்புள்ள தகப்பன் என்றே ஊர் சொல்லியிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. பாதி வேலை உன்னுடையது என்றார். பார்வையில்லாததால் தான் பயனற்றவன் அல்லன் என்பதைத் தமக்கு உணர்த்தியது அந்த இரம்பமே என்று முதுமையிலும் டாக் வாட்சன் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அக்காலத்தில் அப்பகுதி மலைகளிலிருந்த செஸ்ட்நட் மரங்கள் ஒருவகைப் பூஞ்சை நோயால் பட்டுப்போய் நின்றன. அந்த மரத்தில் தோல் பதனிட உதவும் டானின் மிகுதி. அண்ணன் தம்பிகள் சேர்ந்து பட்ட மரங்களை அறுத்துத் தோல் பதனிடும் ஆலைக்கு விற்றார்கள். அந்தக் காசில் சியர்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு கித்தாரை வரவழைத்தார் வாட்சன். அது அவர் உழைத்துச் சம்பாதித்த கித்தார்; ஆண்டவன் வானத்திலிருந்து போட்டதன்று.

பள்ளியும் பிழைப்பும்

தந்தை ஒருவர் மட்டும் போதுமா? போதாது. மாநிலத் தலைநகரான ராலேயில் பார்வையற்றோருக்கென்று 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பெற்ற அரசுப் பள்ளி ஒன்று இருந்தது. பத்தாவது வயதில் வாட்சன் அங்குச் சேர்ந்தார். கித்தாரின் முதல் சில சுரக்கட்டுகளை அவருக்குக் காட்டிக் கொடுத்தவர் அங்கு உடன் பயின்ற மாணவர் ஒருவரே.

அதே பள்ளியில் பிற்காலத்தில் பயின்றவர்தாம் ரானி மில்சாப். 1943இல் அதே மாநிலத்தில் பார்வைக் குறையோடு பிறந்தவர். பாட்டனும் பாட்டியும் வளர்த்த பிள்ளை. வயலின், பியானோ ஆகியவற்றில் மேலைநாட்டுச் செவ்வியல் பயிற்சியை அப்பள்ளி அவருக்கு அளித்தது. 1977இல் அமெரிக்கக் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்றார். 2009இல் துதிப்பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டு வெளியிட்டார். 2014இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். ஒரே மாநிலம், ஒரே பள்ளி, இரு பெரும் கலைஞர்கள்! இதை வரம் என்பதா, பள்ளி என்பதா?

பள்ளி இருந்தும் பிழைப்பு எளிதாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாட்சன் தெருமுனைகளில் நின்று சில்லறைக்காகப் பாடினார். 1941இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில், அர்தெல் என்னும் அவருடைய இயற்பெயர் அறிவிப்பதற்கு ஏற்றதாயில்லை என்று அறிவிப்பாளர் தயங்க, கூட்டத்திலிருந்த ஒருவர் 'டாக் என்று கூப்பிடுங்கள்' என்று குரல் கொடுத்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

இந்தப் பெயர் விவகாரம் சிறிதன்று. அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனங்கள் பார்வையற்ற பாடகர்களின் பெயருக்கு முன்னால் 'குருடர்' என்னும் பொருள்படும் சொல்லை அச்சிட்டே விற்றன. பிளைண்ட் லெமன் ஜெபர்சன், பிளைண்ட் வில்லி ஜான்சன், பிளைண்ட் ஆல்பிரட் ரீட் என்று வரிசை நீளும். நாமும் வீரராகவ முதலியாரை 'அந்தகக்கவி' என்று தானே வழங்குகிறோம்! பாட்டுக்கு முன்னே குறை வந்து நிற்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் ஆல்பிரட் ரீட் துதிப்பாடலும் கிராமியப் பாடலும் வல்லவர். 1927 முதல் 1929 வரைதான் அவர் பாட்டுகள் பதிவாயின. பின்னர் 1956இல் இறக்கும்வரை பதிவு நிறுவனம் எதுவும் அவரை அழைக்கவில்லை. அவரிடம் குரல் இல்லையா? இருந்தது. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை!

முப்பத்தேழு வயது வரை

1947இல் ரோசா லீ கார்ல்டனை மணந்தார் வாட்சன். அவர் பிடில் வித்துவான் ஒருவரின் மகள். இரு குழந்தைகள் பிறந்தன. குடும்பத்தைக் காப்பாற்ற வாட்சன் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை செய்தார். 1953 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நடன அரங்குகளில் வாசிக்கும் குழு ஒன்றில் மின்கித்தார் வாசித்தார்.

அந்தக் குழுவில் பிடில்காரர் இல்லை. நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடும் நடனத்திற்கோ பிடில் மெட்டுகள் இல்லாமல் முடியாது. ஆகவே அந்த மெட்டுகளைக் கித்தாரிலேயே வாசிக்கும்படி நேர்ந்தது. இது எவ்வளவு கடினம் என்பதை இயற்பியல் பயில்பவன் என்ற முறையில் ஓரளவு விளக்க முடியும். பிடிலில் வில் தந்தியை உராய்ந்துகொண்டே இருப்பதால் அதிர்வுக்கு ஆற்றல் இடைவிடாமல் கிடைக்கிறது. ஒரே இழுப்பில் பல சுரங்களைப் பிடிக்கலாம். மீட்டிய கித்தார்த் தந்தியின் அதிர்வோ உடனே தேயத் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே மீட்டியாக வேண்டும். விரைந்தோடும் பிடில் மெட்டை, விரல்களுக்கிடையே பிடித்த ஒரு சிறு வில்லையால், கீழும் மேலுமாக மாறி மாறித் தட்டி, ஒரு சுரமும் நழுவாமல் வாசிக்க வேண்டும். அதை அவர் செய்தார். 1964இல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டில் உள்ள 'பிளாக் மவுண்டன் ராக்' என்னும் மெட்டைக் கேட்பவர்கள் இதை உணர்வார்கள். கித்தார் பின்னணி வாத்தியம் என்ற நிலை மாறி முன்வரிசைக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. இந்த வித்தை எங்கே பிறந்தது? ஞானக்கண்ணிலா? இல்லை, கூலிக்கு வாசித்த நடன அரங்கில், பிடில்காரர் இல்லாத குறையில் பிறந்தது!

1960இல் கிளாரன்ஸ் ஆஷ்லி என்னும் பழைய பாடகரைப் பதிவு செய்வதற்காக ரால்ப் ரின்ஸ்லர் என்ற நாட்டுப்புற இசை ஆர்வலர் அம்மலைப் பகுதிக்கு வந்தார். வந்த இடத்தில் வாட்சனைக் கண்டார். அப்போது வாட்சனுக்கு முப்பத்தேழு வயது. 1961இல் நியூயார்க்கில் மேடை. 1963இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அதன்பின் அமெரிக்கா முழுதும் அவர் பெயர் பரவியது. முப்பத்தேழு ஆண்டுகள் அந்த மலையில் அந்தக் குரல் இருந்துகொண்டுதான் இருந்தது. கேட்க வந்தவர் தாம் இல்லை.

மகனின் தோள்

புகழ் வந்தவுடன் வேறொரு துன்பமும் வந்தது. பார்வையற்ற ஒருவர் தனியே பேருந்து ஏறி, அறியாத ஊர்களில் இறங்கி, கச்சேரி முடித்துத் திரும்புவது எத்தகைய வேதனை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தொடக்கத்தில் அவர் அப்படித்தான் பயணம் செய்தார். தந்தை ஊரில் இல்லாத நாட்களில் தாயிடம் கித்தார் தொடங்கிய மகன் மெர்ல், 1964இல் பதினைந்து வயதில் தந்தையோடு மேடையேறினான். அன்று முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வண்டி ஓட்டியாகவும் வழித்துணையாகவும் உடன்வாசிப்பவராகவும் விளங்கினார் மெர்ல். நாட்டுப்புற இசை மோகம் தணிந்த காலத்திலும் இருவரும் ஊர் ஊராகச் சென்றனர். 1972இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்னும் இளைஞர் குழு பழம்பெரும் கலைஞர்களைக் கூட்டி வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுப்பில் வாட்சனும் இடம் பெற்று, புதிய தலைமுறைக்கு அறிமுகமானார்.

1985 அக்டோபரில் டிராக்டர் கவிழ்ந்து மெர்ல் இறந்தார். வயது முப்பத்தாறு. மகனை இழந்த தந்தை வாசிப்பதையே விட்டுவிட எண்ணினார், ஆனால் விடவில்லை. 1988இல் மகன் பெயரால் வில்க்ஸ்பரோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் இசைவிழா தொடங்கப்பட்டது. 1990இல் முழுதும் துதிப்பாடல்களாலான இசைத்தட்டை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. தாயின் அருகே அமர்ந்து கேட்ட பாடல்களுக்கு அறுபத்தேழாவது வயதில் திரும்பினார். அவர் பெற்ற கிராமி விருதுகள் ஏழு. 2004இல் வாழ்நாள் சாதனை விருது வேறு. 1997இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் தேசியக் கலைப் பதக்கம் அளித்தார். 2012 மே 29ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் டாக் வாட்சன் மறைந்தார்.

மறுப்பும் விடையும்

'அவர் மேதை, மேதைகளைக் கொண்டு பொதுவிதி சொல்லலாமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மேதைமை இருந்ததை நான் மறுக்கவில்லை. தந்தையின் இரம்பம், அரசுப் பள்ளி, பியானோ சுருதி சேர்க்கும் தொழில், தேடி வந்த ரின்ஸ்லர், வண்டி ஓட்டிய மகன் ஆகிய இவற்றுள் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்த மேதைமை மலைச்சரிவிலேயே மண்ணாகியிருக்கும் என்றுதான் சொல்கிறேன். ரே சார்லசைப் பாருங்கள். ஏழு வயதளவில் பார்வை இழந்த அச்சிறுவனைத் தாய் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. விறகு பிளக்கச் சொன்னாள், வீட்டு வேலை செய்யச் சொன்னாள், பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினாள். தேவாலய இசையிலிருந்து புதியதோர் இசையையே படைத்த அவர், 1962இல் கன்ட்ரி பாடல்களையும் தமதாக்கி வெளியிட்டுப் பெரும் வெற்றி பெற்றார். இங்கே இரம்பம், அங்கே கோடரி!

மற்றோர் உண்மையும் உண்டு. இது சற்றே கசக்கும். தமக்குப் பார்வை இருந்திருந்தால் இசையைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு, தச்சு வேலை போன்ற ஏதேனும் கைத்தொழில் செய்திருப்பேன் என்ற கருத்தை வாட்சன் பேட்டிகளில் வெளியிட்டிருக்கிறார். இசை அவருக்குப் பிடித்திருந்தது. ஆயினும் பிழைக்கத் திறந்திருந்த வழி அது ஒன்றே என்பதும் காரணம். 'பார்வையற்றவர்களுக்கு இசை இயல்பாகவே வரும்' என்று நாம் வியக்கிறோமே, அந்த வியப்புக்குள் மற்ற வழிகளை எல்லாம் அடைத்த குற்றம் மறைந்திருக்கிறது. அவர்களுள் பாடத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

வள்ளுவரை நாம் எவரிடம் சொல்கிறோம்?

ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவருக்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறார் வள்ளுவர். பொறி என்பதற்கு ஊழ் என்று பொருள் கொள்வோரும் உண்டு. உறுப்பு என்று பொருள் கொள்வோரும் உண்டு. எப்பொருள் கொண்டாலும், அந்தக் குறளை நாம் உடற்குறை உள்ளவரிடமே சொல்லி, 'நீ முயற்சி செய்' என்று அறிவுரை வழங்குகிறோம். நான் கேட்கிறேன்: முயற்சி எவருடையது? இரம்பத்தில் இரு முனைகள் உண்டு. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நெடுங்காலமாக நிற்கிறார். மறுமுனை தரையில் கிடக்கிறது. அறிய வேண்டியதை அறிந்தும் குனிந்து அதை எடுக்காத நம்முடையதே அந்தப் பழி!

நம் கல்லூரியையே எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற மாணவர்கள் இங்குப் பயில்கிறார்கள். தமிழ் வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் இருக்கிறார்கள். அறிவியல் வகுப்புகளில் ஒருவரேனும் உண்டா? இல்லை. 'ஆய்வகத்தில் அவர்களால் என்ன செய்ய முடியும்?' என்று அக்கறையோடுதான் கேட்கிறோம். அந்த அக்கறையும் 'உட்கார்ந்திரு, நாங்கள் அறுக்கிறோம்' என்பதும் ஒன்றே. ஊசலின் அலைவை விரலால் எண்ணலாம். இசைக்கவையின் அதிர்வைக் காதால் ஒப்பிடலாம். அளவீட்டைத் துணை மாணவர் படித்துச் சொல்ல, கணக்கையும் முடிவையும் அவர் கூறலாம். முடியாதவை சில இருக்கும். முடிந்தவை எவை என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லையே! ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ண வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக் காலத்தில் சொல்வதை எழுத ஆள் கிடைக்காமல் அவர்கள் அலைவதைக் காண்கிறோம். பாடநூலை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க நம் கையில் கைப்பேசி இருக்கிறது. நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். இது தருமம் அன்று. தருமம் செய்பவன் மேலே நிற்கிறான். பெறுபவன் கீழே நிற்கிறான். இரம்பம் இழுப்பவர்கள் இருவரும் ஒரே தரையில் நின்றால்தான் மரம் அறும். எங்கள் குடும்பத்தில் கல்லூரியைக் கண்ட முதல் ஆள் நான். 'உன்னால் முடியும், இதைச் செய்' என்று ஒருவர் நம்பி ஒரு வேலையை ஒப்படைப்பது எத்தகைய வலிமை தரும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

வாட்சன் சில்லறைக்குப் பாடிய பூன் நகரத்துத் தெருமுனையில் 2011இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெஞ்சில் அமர்ந்து கித்தார் வாசிக்கும் உருவம். மேதை என்றோ, பார்வையற்ற மாமனிதர் என்றோ அதில் பொறிக்க அவர் இசையவில்லை. மக்களுள் ஒருவர் என்று மட்டும் எழுதினால் போதும் என்றார், அவ்வாறே எழுதினார்கள். வானளாவப் புகழ்வதும் ஒதுக்கிவைப்பதன் இன்னொரு வடிவமே என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அவர் கேட்டது அவ்வளவே. பார்வையற்ற தோழர்கள் நம்மிடம் கேட்பதும் அவ்வளவே.